ஒப்புரவும் ஈகையும்: இனநீதிக்குத் திருச்சபைகள் கொடுத்த பணத்தின் வரலாறு



இந்தப் பேருரை யாருடைய நினைவாக நடக்கிறதோ அந்த ஆசிரியரோடு பல கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் யாராவது ஒரு நலத்திட்டத்தை அறிவித்து, கைதட்டல் ஓய்ந்ததும், அவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “எவ்வளவுன்னு சொல்லிட்டீங்க. செக்குல கையெழுத்து யாரு போடுறது?” அந்தக் கேள்விக்கு மேடையில் பெரும்பாலும் பதில் இருக்காது. அவருக்குச் செலுத்தும் அஞ்சலியாக, அதே கேள்வியோடு ஒரு வரலாற்றைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மேற்குலகத் திருச்சபைகள், குறிப்பாக அமெரிக்கத் திருச்சபைகள், கடந்த அறுபது ஆண்டுகளில் இனவெறிக்கு எதிராகவும் இன ஒப்புரவுக்காகவும் பணம் ஒதுக்கிய வரலாறு அது.

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘ஒப்புரவு’ என்றால் பகை நீங்கிச் சேர்வது என்று புரிந்துகொள்கிறோம். விவிலியத் தமிழ் நமக்குக் கொடுத்த பொருள் அது. ஆனால் அந்தச் சொல் அதற்கும் பல நூற்றாண்டு மூத்தது. திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. 23ஆம் அதிகாரம் ‘ஈகை’. இரண்டும் கொடுப்பதைப் பற்றியவைதான். பிறகு ஏன் இரண்டு அதிகாரங்கள்? ஈகை என்பது இல்லாதவருக்கு இருப்பவர் இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்பவர் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை. ஈகையில் கொடுப்பவர் மேலே நிற்கிறார். ஒப்புரவில் அவர் கடன்பட்டவராக நிற்கிறார்.

இன்றைய உரையில் நான் சொல்ல வருவது இதுதான்: பாதிக்கப்பட்ட மக்கள் ஒவ்வொரு முறையும் ஒப்புரவைக் கேட்டார்கள். திருச்சபைகள் பெரும்பாலும் அதை ஈகையாக மாற்றியே கொடுத்தன. அந்த மாற்றம் நடந்த இடம் கையெழுத்து போடும் இடம்.

1. ரிவர்சைடு ஆலயத்தில் ஒரு ஞாயிறு

1966 ஜூலை 31 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு முழுப்பக்க அறிக்கை வெளியானது. கறுப்பினப் போதகர்கள் சிலர் கையெழுத்திட்டிருந்தார்கள். ‘கறுப்பு அதிகாரம்’ என்ற முழக்கத்தைக் கேட்டு வெள்ளைத் திருச்சபைகள் அலறிக்கொண்டிருந்த நேரம் அது. அன்பு, சமாதானம் என்று நீங்கள் பேசலாம், ஆனால் அதிகாரம் ஒரு பக்கமே குவிந்திருக்கும்போது அந்த அன்பு நேர்மையாக இருக்காது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

1967 கோடையில் நியூவர்க், டெட்ராய்ட் நகரங்கள் எரிந்தன. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். 1969 ஏப்ரல் இறுதியில் டெட்ராய்ட் நகரில் தேசியக் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டு மாநாடு கூடியது. அதைக் கூட்டியது திருச்சபைகளின் நிதியுதவியோடு இயங்கிய ஓர் அமைப்பு என்பதைக் கவனியுங்கள். அந்த மாநாட்டில் நிறைவேறியதுதான் ‘கறுப்பு அறிக்கை’. முன்னின்றவர் ஜேம்ஸ் ஃபோர்மன். மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் செயலாளராகத் தென்மாநிலங்களில் உழைத்தவர்.

1969 மே 4, ஞாயிறு. நியூயார்க்கின் ரிவர்சைடு ஆலயத்தில் ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது ஃபோர்மன் நடுவழியே நடந்துபோய் முன்னால் நின்றார். ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரின் பணத்தில் எழுந்த ஆலயம் அது. போதகரும் சபையாரில் பலரும் வெளியேறினார்கள். எஞ்சியவர்கள் முன் அவர் அறிக்கையை வாசித்தார். வெள்ளைக் கிறிஸ்தவத் திருச்சபைகளும் யூத ஜெப ஆலயங்களும் அடிமைமுறையிலும் அதற்குப் பிந்தைய சுரண்டலிலும் பெற்ற பங்குக்கு ஈடாக 50 கோடி டாலர் தர வேண்டும் என்பது கோரிக்கை. கறுப்பின மக்கள் ஒருவருக்கு 15 டாலர் என்ற கணக்கு. இரண்டு நாள் கழித்து லூத்தரன் திருச்சபையின் தலைமையகக் கதவில் அதே அறிக்கையை ஒட்டினார். லூத்தர் செய்ததை லூத்தரன்களுக்கே திருப்பிச் செய்தார்.

எல்லோரும் 50 கோடி என்ற தொகையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். தென்மாநிலங்களில் நிலம் இழந்த விவசாயிகளுக்கான நில வங்கிக்கு 20 கோடி. தெற்கில் ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகத்துக்கு 13 கோடி. நான்கு நகரங்களில் அச்சகமும் பதிப்பகமும் நடத்த 4 கோடி. நான்கு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு 4 கோடி. ஆய்வு மையத்துக்கு 3 கோடி. வேலைநிறுத்தம் செய்யும் கறுப்பினத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு நிதி 2 கோடி. இன்னும் சில. அன்னதானமோ இலவச உடையோ பட்டியலில் எங்கும் இல்லை. முதலில் நிலம், அடுத்து கல்வி, அதற்கடுத்து அச்சும் ஊடகமும். பஞ்சமி நிலத்துக்காக அலைந்தவர்களுக்கும், ஒரு சிற்றிதழை நான்கு இதழ் தாண்டிக் கொண்டுவரப் படாதபாடு பட்டவர்களுக்கும் இந்த வரிசையின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

அறிக்கையின் முன்னுரை ஆயுதப் போராட்டம் வரை பேசியது. கடுமையான மார்க்சிய மொழி. ‘மொழி சரியில்லை’ என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளிவிட அது பலருக்கு வசதியாக இருந்தது. ஆனால் மென்மையாகக் கேட்ட போதகர்களுக்கு 1966இல் என்ன கிடைத்தது என்ற கேள்வியும் இருக்கிறது.

திருச்சபைகள் முற்றாக மறுக்கவில்லை. இதுதான் முக்கியமான இடம். பல சபைகள் புதிய நிதிகளைத் தொடங்கின. கறுப்பினப் பகுதிகளுக்கான ஒதுக்கீட்டைக் கூட்டின. ரிவர்சைடு ஆலயமே சமூக நீதிக்கென ஒரு நிதியை உருவாக்கியது. ஆனால் அறிக்கையை எழுதியவர்களின் கைக்குப் போனது கேட்டதில் மிகச் சிறு துளி. மீதியை அந்தந்தச் சபையின் வாரியங்களே வைத்து, அவையே விண்ணப்பம் வாங்கி, அவையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தன. பணம் நகர்ந்தது. கையெழுத்து நகரவில்லை.

2. கையெழுத்தைக் கொடுத்துப் பார்த்த திருச்சபை

எல்லாச் சபைகளும் ஒரே மாதிரி நடக்கவில்லை. எபிஸ்கோப்பல் திருச்சபையின் தலைமை ஆயர் ஜான் ஹைன்ஸ் 1967 கலவரங்களுக்குப் பிறகு கறுப்பினக் குடியிருப்புகளுக்கு நேரில் போய் மக்கள் பேசுவதைக் கேட்டார். அந்த ஆண்டு சியாட்டில் பொதுப் பேரவையில் மூன்று ஆண்டுகளுக்கு 90 லட்சம் டாலர் கேட்டு, ஒப்புதலும் பெற்றார். அதுதான் ‘பொதுப் பேரவைச் சிறப்புத் திட்டம்’. அதை நடத்த நியமிக்கப்பட்டவர் லியோன் மொடெஸ்ட் என்ற கறுப்பினச் சமூகப்பணியாளர். ஏழைகள் தாங்களே அமைத்து நடத்தும் அமைப்புகளுக்குப் பணம் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த அமைப்பு சபையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. உள்ளூர் ஆயருக்குப் பிடிக்காவிட்டாலும் நிதி தர முடியும்.

கடைசி வாக்கியத்தில்தான் பிரச்சினை வெடித்தது. ‘எங்கள் பகுதியில், எங்களைக் கேட்காமல், எங்களை எதிர்ப்பவர்களுக்கே எங்கள் காணிக்கையா?’ என்று ஆயர்களும் செல்வந்த சபையாரும் கொதித்தார்கள். சிலர் தலைமைக்கு அனுப்பும் பங்குத்தொகையைக் குறைத்தார்கள். 1969இல் சௌத் பெண்ட் நகரில் கூடிய சிறப்புப் பேரவையில் கறுப்பு அறிக்கையின் கோரிக்கை வந்தபோது 2 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அறிக்கையின் அமைப்புக்கு நேராகத் தரவில்லை. கறுப்பினப் போதகர்களின் குழு வழியாகத் தந்தார்கள். 1970இல் ஹூஸ்டன் பேரவையில் உள்ளூர் ஆயர்களின் எதிர்ப்புரிமை பலப்படுத்தப்பட்டது. 1973இல் திட்டம் முடிவுக்கு வந்தது. ஹைன்ஸ் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார்.

பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் இன்னும் சிறிய தொகை இன்னும் பெரிய புயலைக் கிளப்பியது. 1971இல் அந்தச் சபையின் இனநீதிக் குழு ஏஞ்சலா டேவிஸின் வழக்குச் செலவுக்கு 10,000 டாலர் கொடுத்தது. கலிபோர்னியாவில் கொலை, ஆள்கடத்தல் குற்றச்சாட்டில் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் பேராசிரியர் அவர். நியாயமான விசாரணை எல்லோருக்கும் உரியது என்பது குழுவின் வாதம். நாடெங்கும் சபைகளிலிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அப்போது கறுப்பினப் பிரஸ்பிட்டேரியன்கள் சிலர் தங்கள் சொந்தப் பணம் 10,000 டாலரைச் சேர்த்துச் சபைக்கே கட்டினார்கள். ‘உங்கள் காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், செய்தது சரிதான்’ என்று சொல்லும் செயல் அது. 1972 ஜூனில் ஏஞ்சலா டேவிஸ் குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

3. கட்டுப்பாடின்றிக் கொடுத்த பணம்

இதே ஆண்டுகளில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. அதில் நம் பக்கத்து ஆள் ஒருவருக்கும் பங்கு உண்டு.

1968 ஜூலையில் ஸ்வீடனின் உப்சாலா நகரில் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் நான்காம் பேரவை கூடியது. தொடக்க ஆராதனையில் கிங் பேசுவதாக இருந்தது. அவர் உயிரோடு இல்லை. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் வந்து பேசினார். அந்தப் பேரவையில் மாமன்றத்தின் மத்தியக் குழுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கேரளத்தின் எம்.எம். தாமஸ், ஒரு பொதுநிலையாளர். 1969 மே மாதம் லண்டன் நாட்டிங் ஹில்லில் இனவெறி குறித்து மாமன்றம் கூட்டிய ஆலோசனைக் கூட்டத்துக்குள்ளும் கறுப்பின இளைஞர்கள் புகுந்து இழப்பீடு கேட்டார்கள். ஆகஸ்டில் கேன்டர்பரியில் கூடிய மத்தியக் குழு ‘இனவெறி எதிர்ப்புத் திட்ட’த்துக்கு ஒப்புதல் தந்தது. கூடவே 5 லட்சம் டாலர் இலக்கோடு ஒரு சிறப்பு நிதி. அதில் 2 லட்சத்தை மாமன்றம் தன் சேமிப்பிலிருந்தே எடுத்துப் போட்டது.

1970 செப்டம்பரில் முதல் 2 லட்சம் டாலர் 19 அமைப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட்டது. தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக், அங்கோலா போன்ற நாடுகளின் விடுதலை இயக்கங்கள் அதில் இருந்தன. ஆயுதம் ஏந்தியிருந்த இயக்கங்கள். மனிதாபிமானப் பணிகளுக்கே செலவிடுவோம் என்று அவை சொல்லியிருந்தன. கொடுத்த பணம் எப்படிச் செலவாகிறது என்று மாமன்றம் கண்காணிக்காது என்பது விதி. மறந்துபோய் விட்ட ஓட்டை இல்லை அது. ஒடுக்கப்பட்டவர்களை நம்புவது ஒற்றுமையின் ஒரு பகுதி, அதிகாரத்தைப் பகிர்வதே நோக்கம் என்று தெரிந்தே எடுத்த முடிவு.

தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர், தன் நாட்டுத் திருச்சபைகள் மாமன்றத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று மிரட்டினார். அவை வெளியேறவில்லை. ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் மாமன்றத்தைத் தாக்கி எழுதியது. 1978இல் ஜிம்பாப்வேயின் தேசபக்த முன்னணிக்கு 85,000 டாலர் தந்தபோது எதிர்ப்பு உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஜூனில் ரொடீசியாவில் இரட்சணிய சேனையின் பெண் ஊழியர்கள் இருவர் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தத் துயரத்தை நாம் லேசாகக் கடந்து போகக்கூடாது. இரட்சணிய சேனையும் அயர்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் சபையும் உறுப்பினர் நிலையை நிறுத்திவைத்து, பின்னர் விலகின. மாமன்றம் தன் முடிவை மாற்றவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1998 டிசம்பரில் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் மாமன்றத்தின் எட்டாம் பேரவை கூடியது. நெல்சன் மண்டேலா நேரில் வந்து நன்றி சொன்னார். தொகைகளைப் பாருங்கள். 2 லட்சம், 85,000. ஒரு நடுத்தர ஆலயக் கட்டடத்துக்கு ஆகும் செலவு. அவ்வளவு சிறிய பணம் ஏன் அவ்வளவு பெரிய கோபத்தைக் கிளப்பியது? வாங்கியவர்கள் கொடுத்தவர்களின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால்தான்.

4. ‘ஒப்புரவு’ என்ற சொல் மேலே வந்தது

1990களில் அமெரிக்க நற்செய்திச் சபைகளில் ‘இன ஒப்புரவு’ பெரிய இயக்கமாக எழுந்தது. அடிமைகளை வைத்திருப்பவர்கள் மிஷனரிகளாக இருக்கலாமா என்ற சண்டையில் பிரிந்து 1845இல் உருவானது தென்னகப் பாப்டிஸ்ட் மாநாடு. அது தன் 150ஆம் ஆண்டில், 1995இல், அடிமைமுறைக்காக மன்னிப்புக் கேட்டது. ப்ராமிஸ் கீப்பர்ஸ் என்ற ஆண்கள் இயக்கம் விளையாட்டரங்குகளை நிரப்பி, வெள்ளையரும் கறுப்பரும் கட்டித் தழுவும் காட்சிகளை நடத்தியது. சபைகள் பன்முகப் பண்பாட்டு ஊழியம் என்று தனி அலுவலகங்களைத் திறந்தன. கருத்தரங்குகள், பாடகர் குழுக்கள், பல மொழி ஆராதனைகள் ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கின.

அந்தக் கண்ணீரைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சமூகவியலாளர்கள் மைக்கேல் எமர்சனும் கிறிஸ்டியன் ஸ்மித்தும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். வெள்ளை நற்செய்திக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் இனப் பிரச்சினையைத் தனிமனிதர்களின் மோசமான உறவாகவே பார்த்தார்கள். நோய் உறவில் என்றால் மருந்து நட்பு. பள்ளி, வீடு, கூலி, சிறை எல்லாம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

இந்த இயக்கத்துக்கு மூலச்சொல்லைத் தந்தவர்களில் ஒருவரான ஜான் பெர்க்கின்ஸ் அப்படிப் பார்க்கவில்லை. மிசிசிப்பியின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, 1970இல் பிராண்டன் சிறையில் காவலர்களால் குற்றுயிராக அடிக்கப்பட்டவர். அவர் மூன்று சொற்களைச் சொன்னார்: ஏழைகள் நடுவே போய்க் குடியிருத்தல், ஒப்புரவு, மறுபங்கீடு. பெருந்திரள் மேடைகள் நடுச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டன. மறுபங்கீடு என்ற சொல்லுக்கு ஒலிபெருக்கி கிடைக்கவில்லை.

5. இப்போது நடப்பது

ஐம்பது ஆண்டுகள் கழித்து ஃபோர்மனின் சொல் திரும்பி வந்திருக்கிறது. 1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் தாங்கள் அடிமைகளாக வைத்திருந்த 272 பேரை லூசியானாவுக்கு விற்றார்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க அந்தப் பணம் உதவியது. 2019 ஏப்ரலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்காக ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொருவரும் 27.20 டாலர் கட்டாயக் கட்டணமாகச் செலுத்துகிறோம் என்று முடிவெடுத்தார்கள். அக்டோபரில் நிர்வாகம் வேறு வழியை அறிவித்தது. கட்டாயக் கட்டணம் கிடையாது. ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் நன்கொடையாகத் திரட்டித் தரப்படும். தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. மாணவர்கள் கடனாக எழுதியதை நிர்வாகம் நன்கொடையாகத் திருத்தி எழுதியது. ஒப்புரவு ஈகையாக மாறுவதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. 2021இல் அமெரிக்க இயேசு சபையினர் வழித்தோன்றல்களோடு சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக உறுதியளித்தார்கள். வழித்தோன்றல்களும் உட்கார்ந்திருக்கும் அறக்கட்டளை என்பது ஒரு முன்னேற்றம்.

இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்தை நிர்வகிக்கும் ஆணையர்கள், தங்கள் நிதியின் ஒரு பகுதி அடிமை வணிகம் செய்த சௌத் சீ கம்பெனியில் போட்ட முதலீட்டிலிருந்து வந்தது என்று கண்டறிந்து, 2023 ஜனவரியில் 10 கோடி பவுண்டை ஒன்பது ஆண்டுகளில் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். அப்போது அவர்கள் கையில் இருந்த சொத்து சுமார் 1,000 கோடி பவுண்டு. நூற்றில் ஒரு பங்கு. 2024 மார்ச்சில் அவர்களே நியமித்த மேற்பார்வைக் குழு, இது போதாது, 100 கோடி பவுண்டை இலக்காக வையுங்கள் என்று பரிந்துரைத்தது.

6. நம் வீட்டுக் கணக்கு

இந்த வரலாறு நமக்கு வெளியே நடந்தது மட்டும் இல்லை. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். கறுப்பு அறிக்கை வந்த அதே 1969இல் ஜேம்ஸ் கோனின் முதல் கறுப்பு இறையியல் நூல் வெளியானது. 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் கிளம்பியது. மதுரை இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற தியோஃபிலஸ் அப்பாவு ‘ஒரு உலை’ என்று பேசினார். சேர்ந்து சாப்பிடுவது மட்டும் அவர் கருத்தில் இல்லை. உலையே பொதுவாக இருக்க வேண்டும் என்றார். பெர்க்கின்ஸ் சொன்ன மறுபங்கீட்டை நம் சேரி அடுப்படியிலிருந்து அவர் சொன்னார்.

2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால், தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடமே திருச்சபைக்குள் சாதி இருப்பதைக் கண்டித்தார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் சுவர் நாடறிந்தது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதால், அரசிடமும் உரிமை இல்லை, கோயிலிலும் சமம் இல்லை என்ற இரட்டை நிலை நம்முடையது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பங்கில் வெளிநாட்டு நிதியில் ஓர் ஒப்புரவு விழா நடந்தது. சமபந்தி போட்டார்கள். இரண்டு தெருக்காரர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், போட்டோ எடுத்தார்கள், ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்கு கொடுத்தார்கள். அந்தத் தூக்கு இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. விழாவின் வரவு செலவை வாசித்த குழுவில் எங்கள் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை. அடுத்த மாதத் தேர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. என் அம்மா சொன்னது: “சோத்துல சேர்த்துக்கிட்டாங்க, நோட்டுல சேர்த்துக்கல.”

இந்தக் கேள்வியை நாம் வெளியே மட்டும் கேட்டால் நேர்மையாகாது. நம் பெயரில் வந்த நிதியை நம்மில் சிலர் தனிச் சொத்தாக்கியதையும் பார்த்திருக்கிறோம். கட்டுப்பாடின்றிக் கொடுங்கள் என்று கொடுப்பவரிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கணக்கே வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. கணக்கைக் கேட்க வேண்டியவர் ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ இருப்பவர் அல்லர். எந்தத் தெருவின் பெயரால் பணம் வந்ததோ அந்தத் தெருவின் பெண்களும் ஆண்களும்.

மாணவத் தோழர்களே, சகேயுவின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். வரி வசூலித்துக் கொழுத்தவர். மனம் மாறியபோது அவர் மன்னிப்புக் கூட்டம் நடத்தவில்லை. பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்குச் சொன்னார். உங்கள் பங்குப் பேரவையின், கல்லூரி நிர்வாகக் குழுவின், மறைமாவட்ட நிதிக் குழுவின் உறுப்பினர் பட்டியலை வாங்கிப் பாருங்கள். நிலங்கள் யார் பெயரில் இருக்கின்றன, பள்ளிப் பணியிடங்கள் யாருக்குப் போயிருக்கின்றன என்று எழுதுங்கள். அதை ஓர் ஆய்வேடாகவே செய்யலாம். அடுத்த ஆண்டு இந்த மேடையில் என் இடத்தில் நின்று உங்களில் ஒருவர் அந்தக் கணக்கை வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். பின்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன்.